பிரம்மசக்தியின் கடைசிக் குப்பி

பெண்டாட்டி இறந்து மூன்று வருஷம் கழித்து, அவளுக்கு நோய் குணமாகிவிட்டது என்று சுடலைமணிக்குப் போன் வந்தது.

அப்போது அவர் டிப்போவில் ஒரு பேட்டரி பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "யாருக்குன்னு சொல்லுதிய?" என்று கேட்டார்.

"பிரம்மசக்தி அக்காவுக்குத்தான் அண்ணாச்சி. நாலு அறையிலயும் நோய் துளிகூட இல்ல. செவ்வாய்க்கிழம வருவியள்லா, நேர்ல பேசுவோம்" என்றார் டாக்டர் நஸ்ரின்.

பேச்சு முடிந்த பிறகும் சுடலைமணி வெளியே வரவில்லை. கிடந்த வாக்கிலேயே அழுதார். ஆம்பிளை அழுவதற்கு பஸ்ஸின் அடிவயிற்றைவிடத் தோதான இடம் டிப்போவில் கிடையாது. மேலே இருந்து பார்த்தவர்களுக்கு வழக்கம்போல இரண்டு கால்கள் மட்டுமே தெரிந்தன.

விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு இணையுடல் என்று ஒன்றைச் செய்து வைப்பது பழக்கமாகியிருந்தது. பேர்தான் தடபுடல். பார்த்தால் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நாலு அறை. ஒன்றில் எலும்பு, ஒன்றில் நுரையீரல், ஒன்றில் ஈரல், ஒன்றில் மூளை. எல்லாம் புளியங்கொட்டை அளவுதான், அந்தப் பெண்ணுக்கென்றே வளர்த்தவை. நாலையும் சுற்றி நூல் போன்ற குழாய்களில் ரத்தம் ஓடும். அவள் உடம்பிலிருந்து எடுத்த புற்றுச் செல்களை அந்த ரத்தத்தில் விட்டால், எந்த அறையில் போய்க் குடியேறுகின்றன, எந்த மருந்துக்குச் சாகின்றன என்று டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். உடம்பில் நடக்கப்போவது பெட்டியில் முதலில் நடந்துவிடும்.

பிரம்மசக்திக்குப் பெட்டி தயாரானபோது அவள் முதுகெலும்பில் ஏற்கெனவே நோய் ஏறிவிட்டது. அப்போது இருந்த மருந்து எதுவும் எடுபடவில்லை. அவள் போய்ச் சேர்ந்தாள்.

ஆள் போன பிறகு பெட்டிக்கு என்ன வேலை? மற்ற வீட்டாரெல்லாம் கொஞ்ச நாள் வந்து பார்ப்பார்கள், பிறகு மூடிவிடச் சொல்லிவிட்டுப் போவார்கள். சுடலைமணி சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் டிப்போவில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்த ஆய்வகத்துக்குப் போவார். பெட்டிக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்காருவார். பக்கத்துத் திரையில் எலும்பு அறை பெரிதாகத் தெரியும். அதில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள் இருக்கும். அவைதான் நோய். எலும்புக்குள் சுருண்டு படுத்துத் தூங்குபவை. முதலில் அந்தப் புள்ளிகளை வாய்க்கு வந்தபடி ஏசுவார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு எலும்பிடம் ஊர்க்கதை பேசுவார். "நம்ம தெருவுல மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கானுவ சக்தி, நீ இருந்தா அவனுவளை உண்டு இல்லன்னு ஆக்கிருப்ப." ஆய்வகத்துப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஸ்டூலுக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டார்கள்.

வீட்டில் அவருக்கு வேறு யாரும் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. பிரம்மசக்தியின் தம்பி ஆவுடையப்பன் ஒருவன்தான் வந்துபோய்க்கொண்டிருந்தான். முதல் வருஷத் திவசத்தன்று அவனும் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். அக்காள் படத்துக்கு மாலை போட வந்தவனின் கையைச் சுடலைமணி பிடித்துத் தடுத்துவிட்டார். "உசுரோட இருக்கவளுக்கு எவம்ல மாலை போடுவான்?" என்று பந்திக்கு வந்தவர்கள் முன்னால் கத்தினார். அதோடு போக்குவரத்து நின்றது.

இருந்தாலும் அன்றைக்கு மனசு கேட்கவில்லை. நல்ல சேதியை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. வெகுநாளைக்குப் பிறகு ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, அக்காளுக்குச் சொகமாயிட்டாம்ல."



"கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரமா, அத்தான்?" என்றான் ஆவுடையப்பன். "கையெடுத்துக் கும்பிடுதேன், அவள விட்ருங்க. செத்தவளயாவது நிம்மதியா இருக்க விடுங்க." போனை வைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை சுடலைமணி முகம் மழித்து, பிரம்மசக்தி தைத்துக்கொடுத்த சந்தனக் கலர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். திரையில் எலும்பு சுத்தமாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்த மொட்டைமாடி போலக் கிடந்தது. ஒரு பச்சைப் புள்ளி இல்லை. ஏசுவதற்கு ஆள் இல்லாமல் கொஞ்ச நேரம் திகைத்தார்.

"புது மருந்து அண்ணாச்சி. போன செவ்வாய் நீங்க போன பொறவுதான் பெட்டியில விட்டோம்" என்றார் நஸ்ரின். மேலப்பாளையத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். பிரம்மசக்தியைக் கடைசி மூச்சு வரை பார்த்தவர். "இதுவரைக்கும் உள்ள மருந்தெல்லாம் முழிச்சிக்கிட்டு வளருற செல்லைத்தான் கொல்லும். இது தூங்குறதத் தேடிப் போயிக் கொல்லுது."

"எனக்கு ஒண்ணு இன்னும் வெளங்கல டாக்டரம்மா. மாருல கட்டிய எடுத்தப்பவே பூரா போச்சுன்னு சொன்னாவ. பத்து வருசம் ஒண்ணுமில்லாம இருந்தா. பழுதான பார்ட்டைக் கழட்டிப் போட்ட பொறவு வண்டி எப்படி மறுபடியும் நிக்கும்?"

இந்தக் கேள்வியை அவர் முன்பும் கேட்டிருக்கிறார். நஸ்ரின் அலுத்துக்கொள்ளவில்லை.

"கட்டிய எடுக்கதுக்கு முன்னாலயே அதுலருந்து கொஞ்சம் செல்லு பிரிஞ்சி ரத்தத்துல ஏறிருச்சு. ரத்தத்த உங்க பஸ்ஸுன்னு வச்சிக்கிடுங்க. ஏறுனதுல முக்காவாசி வழியிலயே செத்துரும். ரத்தத்தோட வேகம் தாங்காது, உடம்புல உள்ள காவக்காரச் செல்லும் சும்மா விடாது. தப்பிச்சது கண்ட ஸ்டாப்புலயும் எறங்காது. மாருல உள்ள இந்த நோய்க்கு எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை, இதுகதான் பிடிச்ச ஊரு. அக்காவுக்கு எலும்புல எறங்கிருச்சு. எறங்குன உடனே ஆட்டம் போட்டா மாட்டிக்கிடும்லா? அதான் படுத்துத் தூங்கிரும். வருசக்கணக்காத் தூங்கும். எந்த ஸ்கேன்லயும் தெரியாது. என்னைக்காவது ஒருநாள் முழிக்கும். எலும்புல முழிச்சாலும் அது எலும்புப் புத்து இல்ல, அதே மாருப் புத்துதான். வீடு மாறி வந்த அதே ஆளு."

சுடலைமணி தலையாட்டினார். முழித்த நாள் அவருக்குத் தெரியும். அன்றைக்கு அதை முதுகுவலி என்றுதான் நினைத்தார்கள்.

பிரம்மசக்தி தையல்காரி. பகல் முழுக்க மெஷினில் குனிந்திருப்பவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? மாரில் வந்து போன நோயையும் முதுகில் வந்த வலியையும் இரண்டு பேரில் ஒருவர்கூட முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. பிடிப்பு என்றார்கள், சுளுக்கு என்றார்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போய் நல்லெண்ணெய் போட்டு நீவிவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு தினமும் சாப்பாடு ஆனதும் அவள் குப்புறப் படுத்துக்கொள்வாள், சுடலைமணி தைலத்தைச் சூடுபறக்கத் தேய்ப்பார். ஸ்பேனர் பிடித்த கை. "இங்கனயா? இன்னும் கீழயா?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்த மாசங்களில்தான். இதைச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கட் பீஸ் கட்டு ஒன்றைத் தூக்கும்போது அவள் முதுகெலும்பு முறிந்தது. அதற்கப்புறம்தான் ஸ்கேன்.

"சரி, இனி ஒண்ணும் இல்லல்லா? அவ நல்லாருக்காள்லா?" என்று கேட்டார் சுடலைமணி.

நஸ்ரின் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நல்லதுக்கில்லை என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒரு தடவ ஜெயிச்சதோட இந்த மருந்த மனுசங்களுக்குக் குடுக்க விடமாட்டாங்க. தற்செயலா நடந்திருக்கும்பாங்க. இன்னொரு தடவ செஞ்சி காட்டணும். பெட்டியில மறுபடியும் நோய ஏத்தி, அது எலும்புல போயித் தூங்குற வரைக்கும் விட்டு, அப்புறம் மருந்து குடுக்கணும்."

சுடலைமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார்.

"கொணமானவளுக்குத் திருப்பி நோயக் குடுக்கவா? என்ன பேச்சு பேசுதிய நீங்க? வேற பெட்டியில பண்ணுங்க."

"வேற பெட்டி இல்லயே. அக்காவுக்கு வந்தது தனி ஜாதி. இத்தன வருசம் தூங்கிட்டு முழிக்கிற ஜாதி. இருந்த பெட்டியெல்லாம் வீட்டாளுங்க மூடச் சொல்லிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் மூட விடல. இன்னைக்கு இந்த மருந்து இருக்குன்னா அது உங்களாலதான்."

"மூட விடாதது இதுக்குத்தானா? அவ ஒரு தடவ பட்டது போதாதா? முடியாது. பூரா கொணமாயி உக்காந்திருக்கா, அவ பாட்டுக்கு இருக்கட்டும்."

நஸ்ரின் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். பிறகு சொல்லித்தான் தீரவேண்டும் என்று முடிவு செய்தவர் போலப் பேசினார்.

"இத நான் என்னைக்கோ சொல்லிருக்கணும். நீங்க செவ்வாய்க்கிழம வந்து உக்காந்து பேசறதப் பாக்கும்போதெல்லாம் வாய் வரல. அண்ணாச்சி, இந்த எலும்பு, ஈரல் எல்லாம் அக்கா உடம்புல இருந்து வந்ததில்ல. ஒரு சொட்டு ரத்தத்துல இருந்து நாங்க இங்க வளர்த்தது. அவங்க உடம்புக்குள்ள ஒருநாள்கூட இருந்ததில்ல. அவங்க உடம்புல உண்மையிலயே இருந்து வந்தது அந்தப் பச்சைப் புள்ளி மட்டுந்தான்."

"நோயா?"

"ஆமா. முதுகெலும்புல ஊசி போட்டு எடுத்தது."

சுடலைமணி திரையைப் பார்த்தார். துடைத்து வைத்த எலும்பு அது பாட்டுக்கு இருந்தது. மூன்று வருஷமாக எதை ஏசினாரோ அதுதான் பிரம்மசக்தியோடு இருந்தது. எதைக் கொஞ்சினாரோ அது அவளைப் பார்த்ததே இல்லை. போன வாரம் மருந்து ஊற்றிக் கழுவியதில் அவள் இரண்டாம் தடவையாகப் போய்விட்டாள். அதற்குத்தான் இவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எல்லாம் போச்சா?" என்று கேட்டார்.

"ஒரு குப்பி இருக்கு. அன்னைக்கு எடுத்ததுல மிச்சம். உறைய வச்சிருக்கோம். அதுதான் கடைசி. ஆய்வகத் தட்டுல வளத்துப் பெருக்கவும் முடியாது, உடம்புக்கு வெளிய இந்த ஜாதி தூங்கிருமே ஒழிய பெருகாது. அந்தக் குப்பியத்தான் பெட்டியில விடக் கேக்கேன். சட்டப்படி அது உங்க பொறுப்புல உள்ளது. நீங்க வேண்டாம்னா நான் தொடமாட்டேன். எத்தன வருசம் ஆனாலும் அப்படியே இருக்கும்."

"உட்டா, மருந்து அதையும் கொன்னுரும்."

"ஜெயிச்சா கொன்னுரும்."

அவர் வெளியே வந்தார். நடைபாதையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அங்கே ஓர் இளம்பெண் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புருஷன். அவன் பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து விரலில் தொட்டு, அவள் ரவிக்கைக்குக் கீழே நடு முதுகில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் போனையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேய்க்காதல!" என்று சுடலைமணி கத்திவிட்டார்.

இரண்டு பேரும் பதறி எழுந்தார்கள். பையனுக்குக் கோபம் வந்தது. ஆனால் எதிரே நின்ற மனுஷனுக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருப்பதைப் பார்த்து அடங்கினான்.

"இல்ல சார், இவளுக்கு முதுகு ஒரே வலி. தேய்ச்சாதான் தூங்குதா" என்றான். பேர் கவின் என்றான். அவள் ஆதிரை. முப்பது வயதுதான் இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கட்டி வந்து எடுத்திருக்கிறார்கள்.

"ஸ்கேன்ல என்ன சொல்லுதாவ?"

"ஒண்ணும் தெரியலயாம். ஆனா ரத்தத்துல என்னமோ இருக்காம். டாக்டரம்மா ஒரு மருந்துக்குக் காத்திருக்கச் சொல்லிருக்காவ." அவன் பெருமையாகச் சொன்னான். "புதுசா வருதாம் சார். சீக்கிரம் வந்துரும்னு நினைக்கோம்."

ஆதிரை சிரித்தாள். "இவங்க தேய்க்கிற தேய்ப்புல தோலே போயிரும் போலருக்கு அண்ணாச்சி. நீங்க யாரப் பாக்க வந்திய?"

"எங்க வீட்டுக்காரிய" என்று சொல்லிவிட்டு சுடலைமணி வேகமாக நடந்துவிட்டார்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வீட்டில் பேசுவதற்குச் சுவர்தான் இருந்தது. யோசித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த நோயின் மேல் இப்போது அவருக்குக் கோபம் வரவில்லை. அவள் முதுகைத் தேய்த்த அத்தனை நாளும் அது அவர் உள்ளங்கைக்குக் கீழேதான் இருந்தது. அவள் முனகியது, அவள் வியர்த்தது, வலி விட்டதும் "போதும், நீங்க படுங்க" என்று சொன்னது, எல்லாவற்றுக்கும் அதுவும் கூட இருந்தது. உலகத்தில் அவளை உள்ளிருந்து அறிந்தது என்று வேறு எது மிச்சம்? கொலைகாரன்தான். ஆனால் அவளைக் கடைசியாகப் பார்த்தவனும் அவன்தானே.

குப்பி அங்கேயே இருக்கட்டும் என்று சில சமயம் நினைத்தார். யாருக்கு என்ன நஷ்டம்? அப்படி நினைக்கும்போதெல்லாம் அந்தப் பையன் ஒரு கையில் போனோடு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்து தொலைத்தது. அவனுக்கு வலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேய்த்தால் போய்விடும் என்று நம்புகிறான். இன்னும் கொஞ்ச நாளில் இவரைப்போல ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எதோடாவது பேசிக்கொண்டிருப்பான். ஒரு ஊருக்கு ஒரு சுடலைமணி போதும் என்று தோன்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை போய், "ஏத்துங்க" என்றார்.

நஸ்ரின் நன்றி சொல்ல ஆரம்பித்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒண்ணு கேக்கேன். உள்ள உடுததுக்கு முன்னால நான் ஒரு தடவ பாக்கணும்."

குப்பியைக் கொண்டுவந்தார்கள். சுண்டுவிரல் அளவுகூட இல்லை. வெள்ளைப் புகை சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே அரிசிக்கஞ்சி உறைந்ததுபோல என்னவோ இருந்தது.

"இத இப்போ வெந்நீர்ல வச்சி உருக்கணும். உடம்புச் சூடு இருந்தாப் போதும்" என்றார் நஸ்ரின்.

"உடம்புச் சூடுதானே?" சுடலைமணி கையை நீட்டினார். "என்கிட்ட இருக்கே."

விதிமுறை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. நஸ்ரின் தன் உதவியாளர்களைப் பார்த்தார். அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். உறை மாட்டிய அவர் உள்ளங்கையில் நஸ்ரின் குப்பியை வைத்தார்.

சுள்ளென்று சுட்டது. குளிர் அதிகமானாலும் சுடத்தான் செய்யும். சுடலைமணி விரல்களை மூடிக்கொண்டார். மெல்ல மெல்லக் கடுமை குறைந்தது. உள்ளே கட்டியாக இருந்தது இளகி, அசைகிற நீராக ஆனதைக் கை அறிந்தது.

"கரைஞ்சிட்டா குடுத்துருங்க அண்ணாச்சி. வெளிய ரொம்ப நேரம் தாங்காது. செத்துரும்."

அவர் கொடுக்கவில்லை. செத்துவிட்டால் செத்துவிட்டது என்று யாரும் கேட்கப்போவதில்லை. தன் கையிலேயே போனதாக இருக்கும். அப்படி ஒரு எண்ணம் வந்து நின்றது. அதை ஒட்டியே இன்னொன்றும் வந்தது. இந்தத் தடவை மருந்து தோற்றுவிட்டால்? எலும்பில் பச்சைப் புள்ளிகள் அப்படியே இருந்தால்? அவள் இருந்துகொண்டே இருப்பாள். அதை நினைத்ததும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம்தான். நடைபாதையில் காத்திருக்கிற அந்தப் பெண்ணின் சாவுக்கு ஆசைப்பட்டிருக்கிறோம் என்று உறைத்தது. விரல்களைத் திறந்து குப்பியை நஸ்ரினிடம் கொடுத்தார்.

குழாய் வழியாக அது பெட்டிக்குள் போயிற்று. திரையில் பச்சைப் புள்ளிகள் வரிசை கலைந்து ரத்தத்தில் ஓடின. பாதிக்கு மேல் கண்ணெதிரேயே மங்கி அணைந்தன. மிச்சமிருந்தவை அறை அறையாகத் தடவிக்கொண்டு போயின.

"எலும்புக்குப் போயிச் சேர ரெண்டு நாளாகும்" என்றார் நஸ்ரின். "அடுத்த செவ்வாய் வந்தியன்னா பாக்கலாம். மருந்து குடுக்கதுக்கு இன்னும் நாள் இருக்கு. எப்பவும்போல வாங்க. இந்தத் தடவ தினம் வந்தாலும் சரி, நான் சொல்லி வைக்கேன்."

சுடலைமணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"வரல டாக்டரம்மா."

"ஏன் அண்ணாச்சி?"

"வந்து உக்காந்தா நான் நோய் பக்கம் நின்னுருவேன்."

சுடலைமணி உறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார். பெஞ்சில் கவின் ஆதிரையின் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தான். அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். இவரும் அசைத்தார்.

பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமையின் மீதிப் பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் ஸ்டாப்பில் நின்றார்.